ஓவியர் விஸ்லரின் 'விழும் ராக்கெட்' ஓவியத்தை நேரில் பார்த்தவர்கள் இருக்கிறீர்களா?

நான் டெட்ராய்ட் கலைக்கூடத்தில் பார்த்திருக்கிறேன். படம் சின்னது, உயரம் ரெண்டடிதான் இருக்கும். கோர்ட் வரைக்கும் போன படமாச்சே என்று சுவர் நிறைய எதிர்பார்த்துப் போகாதீர்கள்.

ஃபோனில் வெறும் கறுப்பும் மஞ்சள் புள்ளிகளுமாகத்தான் தெரியும். நேரில் அந்த இருட்டில் பச்சை, நீலம், புகை எல்லாம் இருக்கிறது, நின்று பார்க்கப் பார்க்கத்தான் ஒவ்வொன்றாக வருகிறது. கீழ் ஓரத்தில் வேடிக்கை பார்க்கிற ஆட்களைத் தேடிப் பாருங்கள், பெயிண்ட் அவ்வளவு மெல்லிசு, அவர்கள் உடம்பு வழியாகவே தரை தெரியும்.

லண்டனில் தேம்ஸ் ஓரமாக இருந்த கிரெமோர்ன் தோட்டத்து வாணவேடிக்கைதான் இது. 1877இல் கிராஸ்வெனர் காலரியில் 200 கினி (அந்தக் காலத்து பிரிட்டிஷ் பணம்) விலை போட்டு வைத்தார்கள். பெயிண்ட் டப்பாவை மக்கள் முகத்தில் வீசிவிட்டு இந்தப் பகட்டுக்காரன் 200 கினி கேட்கிறான் என்கிற மாதிரி கலை விமர்சகர் ரஸ்கின் எழுத, விஸ்லர் அவதூறு வழக்குப் போட்டுவிட்டார். (ஆமாம், தென்னாப்பிரிக்காவில் ரயிலில் படித்துக் காந்தி மனம் மாறினாரே, அந்தப் புத்தகத்தை எழுதிய ரஸ்கினேதான்.) எனக்கு உறுத்துவது வேறு. ஓவியர் டர்னரின் மூட்டத்தையும் வெளிச்சத்தையும் ஊரே கிண்டலடித்தபோது அவருக்காக மல்லுக்கட்டியவர் இவர், இவருக்கே இந்தப் படம் பிடிபடவில்லை என்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

1878 நவம்பரில் விசாரணை. ரெண்டு நாள் வேலைக்கா இந்த விலை என்று கேட்டதற்கு, வாழ்நாள் முழுக்கச் சேர்த்த அறிவுக்கு என்றார் விஸ்லர். ஜெயித்தார், ஆனால் நஷ்டஈடு ஒரு ஃபார்திங், அதாவது கால் பென்னி! கோர்ட் செலவும் கிடைக்கவில்லை, ஏற்கெனவே கடன் வேறு, அடுத்த வருஷமே திவால்.

---

நீங்கள் சொல்லும் 'விழும் ராக்கெட்'டை நான் பார்த்ததில்லை, ஆனால் அதே வழக்கில் கோர்ட்டுக்குக் கொண்டுபோன பாட்டர்சீ பாலம் படத்தை லண்டன் டேட் கலைக்கூடத்தில் பார்த்தேன். நீலமும் தங்கமுமான இரவு, பாலத்தின் ஒரு தூண் மட்டும் ஓங்கி நிற்கும், மேலே கோடு கோடாக ஏதோ. அதெல்லாம் மனிதர்களா என்று விசாரணையில் கேட்டார்களாம். உங்களுக்கு எப்படித் தோன்றுகிறதோ அப்படியே என்றாராம் விஸ்லர். கீழே இருப்பது படகா என்று அடுத்த கேள்வி. ஆமாம், அதைக் கண்டுபிடித்துவிட்டீர்களே, ரொம்ப சந்தோஷம் என்று பதில். எனக்குப் படகு சட்டென்று தெரிந்தது, மேலே இருப்பவர்களுக்குத்தான் கொஞ்ச நேரம் பிடித்தது.