31 இசைத்தட்டு, 120 மலேசிய வெள்ளி: வீண் செலவா?

பால்மரத்தான்:
போன ஞாயிறு சுங்கை சிப்புட்டில் ஒரு பெட்டி இசைத்தட்டு வாங்கினேன். பக்கத்துத் தோட்டத்தில் கல்யாணம், திருவிழாவுக்கு ஸ்பீக்கர் செட்டு கட்டிய பெரியவருடையது. குடும்பம் லயத்தை, அதாவது தோட்டக் குடியிருப்பை, காலி செய்கிறது. நான் போகாவிட்டால் பழைய பேப்பர் லாரியில் ஏறியிருக்கும். “போனிலேயே எல்லாம் கிடைக்குதே, பெரியப்பா” என்கிறான் தம்பி மகன். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

ஈப்போ தம்பி:
உங்கள் தம்பி மகன் சொல்வதுதான் சரி, அண்ணே. ஊசி உரச உரசத் தட்டு தேயும். சிடியில் அந்தத் தொல்லை இல்லை. நொடிக்கு 44,100 முறை ஒலியை அளந்து பதிகிறார்கள், மனிதக் காதுக்கு அது தாராளம். ஒலிதான் முக்கியம் என்றால் சிடி வாங்குங்கள். பாட்டுதான் முக்கியம் என்றால் ஸ்பாட்டிஃபை போதும்.

கம்பத்துக்காரி:
சிடியிலும் ஏமாறலாம், தம்பி. இரவுச் சந்தையில் 2 வெள்ளிக்கு அள்ளிக்கொண்டு வந்தேன், பாதி படிக்கவே இல்லை. அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். பச்சையோ ஊதாவோ அடித்தால் யாரோ கணினியில் எழுதிய நகல். அந்தச் சாயம் வருடம் போகப் போக வெளுக்கும். அசலுக்கு அடி வெள்ளி நிறம்.

பால்மரத்தான்:
ஒலிக்காக வாங்கவில்லை, தம்பி. பெட்டியில் டி. என். ராஜரத்தினம் பிள்ளையின் நாதஸ்வரத் தட்டு ஒன்று இருக்கிறது, நிமிடத்துக்கு 78 சுற்று சுற்றும் பழைய வகை, ஒரு பக்கம் 3 நிமிடம்தான். மற்ற தட்டெல்லாம் பளபளவென்று இருக்க, இது மட்டும் சாம்பல் நிறமாகத் தேய்ந்து கிடக்கிறது. தோட்டத்தில் எந்தக் கல்யாணம் என்றாலும் முதலில் இதைத்தான் போடுவாராம். உறையில் பென்சிலால் “தாலி” என்று எழுதியிருக்கிறார். என் அம்மா கழுத்தில் தாலி ஏறியதும் அந்தத் தோட்டத்துக் கோயிலில்தான். இது எந்தச் செயலியில் இருக்கிறது?

ஈப்போ தம்பி:
அது வேறு, அண்ணே. ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மற்ற 30? நம்மூர் ஈரத்தில் பூஞ்சை பிடித்துப் போகும். உங்களுக்குப் பிறகு யார் துடைப்பார்கள்?

கம்பத்துக்காரி:
பூஞ்சைக்குப் பயந்து யாராவது தூக்கிப் போடுவார்களா? வெதுவெதுப்பான தண்ணீர், ஒரு சொட்டுப் பாத்திர சோப்பு, மெல்லிய துணி. கோடு போகும் போக்கிலேயே துடைக்க வேண்டும், நடுவில் ஒட்டிய தாள் நனையக் கூடாது. அண்ணா, 78 சுற்றில் ஸ்பிரிட் மட்டும் படவே கூடாது. அந்தத் தட்டு அரக்கு, கரைந்துவிடும். அடுக்கிப் படுக்க வைக்காமல் நிமிர்த்தி வையுங்கள், இல்லாவிட்டால் வளையும்.

பால்மரத்தான்:
நன்றிம்மா. தம்பி, மற்றவையும் சும்மா இல்லை. டேவிட் ஆறுமுகமும் லோகநாதனும் பாடிய அலிகேட்ஸ் குழுவின் மலாய்த் தட்டு இருக்கிறது. தமிழ்க் கல்யாணத்தில் சாப்பாட்டு நேரத்துக்கு மலாய்ப் பாட்டு! நம் ஆள்கள் எதைக் கேட்டு வளர்ந்தார்கள் என்பது முழுப் பெட்டியாக இருந்தால்தானே தெரியும்? பிரித்து விற்க மாட்டேன்.

ஈப்போ தம்பி:
சரி, விற்க வேண்டாம். கணினியில் ஏற்றியாவது வையுங்கள். என்னிடம் வயர் இருக்கிறது, ஞாயிறு வருகிறேன். இரைச்சலையும் எடுத்துத் தருகிறேன்.

பால்மரத்தான்:
வா தம்பி. 78 சுற்றுக்குத் தடித்த ஊசி வேண்டும், அதை நான் பார்த்துக்கொள்கிறேன். ஆனால் “தாலி” தட்டில் கை வைக்காதே. அந்தக் கரகரப்பு அப்படியே இருக்கட்டும்.

ஈப்போ தம்பி:
இரண்டு நகல் எடுப்போம், அண்ணே. கரகரப்போடு ஒன்று உங்களுக்கு. துடைத்தது ஒன்று உங்கள் தம்பி மகனுக்கு.