எலிசாவில் 12 பாசிட்டிவ்: வைரஸ் சத்தமில்லாமல் சுற்றுகிறதா?

கேள்வி:
உண்ணி பரப்பும் கிரிமியன்-காங்கோ ரத்தக்கசிவுக் காய்ச்சலுக்காக 400 மாடு, ஆடுகளின் சீரத்தை (ரத்தம் உறைந்தபின் பிரியும் நீர்) ஐஜிஜி எலிசாவில் (முன்பு தொற்றியதைக் காட்டும் ஐஜிஜி ஆன்டிபாடியைத் தேடும் சோதனை) பார்த்ததில் 12 பாசிட்டிவ். அந்த வட்டாரத்தில் மனிதர்களுக்கு நோய் வந்ததாகப் பதிவே இல்லை. "வைரஸ் சுற்றுகிறது" என்று அறிக்கையில் எழுதலாமா? கிட்டின் சென்சிட்டிவிட்டி (தொற்றியவற்றைச் சரியாகப் பாசிட்டிவ் என்று காட்டும் விகிதம்) 95%, ஸ்பெசிஃபிசிட்டி (தொற்றாதவற்றைச் சரியாக நெகட்டிவ் என்று காட்டும் விகிதம்) 98%.

பதில் 1:
அவசரப்படாதீர்கள். ஸ்பெசிஃபிசிட்டி 98% என்றால், வைரஸே தொடாத 400 கால்நடைகளிலும் சுமார் 8 பொய்யாகப் பாசிட்டிவ் காட்டும். திருத்திக் கணக்கிட்டால் (0.03 + 0.98 − 1) ÷ (0.95 + 0.98 − 1) = 0.0108. உங்கள் 3% வெறும் 1.1% ஆகிவிடும். உங்கள் வட்டாரக் கால்நடைகளில் கிட்டின் ஸ்பெசிஃபிசிட்டி 97% ஆக இறங்கினால் மிச்சம் பூஜ்யம்.

பதில் 2:
அந்த 12-உம் எங்கே கிடைத்தவை? பொய் பாசிட்டிவ் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறும். உண்மையானது பெரும்பாலும் உண்ணி மொய்க்கும் ஓரிரு மந்தைகளில் குவிந்திருக்கும்.

வயதையும் பிரித்துப் பாருங்கள். ஐஜிஜி நெடுநாள் நிற்கும். 8 வயதுப் பசு எப்போது, எந்தச் சந்தைக்கு வருமுன் தொற்று வாங்கியது என்று யாருக்குத் தெரியும்? சில மாதக் கன்றில் தெரிவது சீம்பால் வழியே வந்த தாயின் ஆன்டிபாடியாக இருக்கலாம். அங்கேயே பிறந்து ஒரு வயதை ஒட்டிய கால்நடை பாசிட்டிவ் ஆனால் விஷயம் இருக்கிறது.

பதில் 3:
ஒவ்வொரு சீரத்தையும் எலிசா பிளேட்டில் ஆன்டிஜென் (வைரஸின் புரதம்) பூசிய குழியிலும் பூசாத குழியிலும் போட்டு, ஓ.டி.யை (நிற அடர்த்தி அளவு) கழித்துப் பாருங்கள். சிவப்பணு உடைந்த சீரம் பின்னணியை ஏற்றிவிடும். ரத்தம் உறையுமுன் ஐஸ் பேக்கில் ஒட்டி வைத்தாலே கெட்டுவிடும். பிளேட்டின் ஓரக் குழிகளில் விழுந்த பாசிட்டிவையும் நம்பாதீர்கள், மறுபடி ஓட்டுங்கள்.

உறுதிப்படுத்த நியூட்ரலைசேஷன் (சீரம் வைரஸைச் செயலிழக்க வைக்கிறதா என்று பார்க்கும் சோதனை) செய்யலாம். உயிருள்ள வைரஸுக்கு பி.எஸ்.எல்-4 (மிக உயர்ந்த உயிரிப் பாதுகாப்பு நிலை) ஆய்வகம் வேண்டும், நோய் உண்டாக்காத போலி வைரஸுக்கு பி.எஸ்.எல்-2 போதும். இந்த வைரஸுக்கு நியூட்ரலைசிங் ஆன்டிபாடி பலவீனமாகவே உருவாகும் என்பதால், அதில் நெகட்டிவ் வந்தால் எலிசா பொய் என்று ஆகிவிடாது.

கேட்டவர்:
12-இல் 9 ஒரே மந்தையின் செம்மறிகள்.

பதில் 2:
அப்படியானால் அதே மந்தைக்குப் போங்கள். நெகட்டிவாக இருக்கும் இளம் ஆடுகளுக்குக் காது வில்லை போட்டு, உண்ணிக் காலம் முடிந்ததும் திரும்ப ரத்தம் எடுங்கள். பழைய சீரத்தையும் புதியதையும் ஒரே பிளேட்டில் வைத்து ஓட்டுங்கள். அதில் நெகட்டிவ் பாசிட்டிவாக மாறியிருந்தால் "சுற்றுகிறது" என்று எழுதலாம். மேய்ப்பவர்களையும் மயிர் கத்தரிப்பவர்களையும் பரிசோதிக்க அதுவரை காத்திருக்க வேண்டாம்.