பச்சை மீன் சேருமா, சேராதா? ஜப்பான் கிளம்பும் நெல்லைப் பிள்ளைகளுக்கு

விடுமுறைக்குப் பாளையங்கோட்டை வந்து பத்து நாள் ஆகிறது. அதற்குள் நாலு வீட்டில் காப்பி குடித்துவிட்டேன். நாலு வீட்டிலும் ஒரே கேள்வி: "அண்ணாச்சி, அங்கே மீனைப் பச்சையாகவே தின்பார்களாமே, எங்கள் பையன் என்ன செய்வான்?" வாடகை பற்றிக் கேட்பார் இல்லை, குளிரைப் பற்றிக் கேட்பார் இல்லை. ஒசாகாவில் ஒன்பது வருடம் இருந்தவன் என்ற ஒரே தகுதியில் ஒவ்வொரு வீட்டுத் திண்ணையிலும் சொல்லி அலுத்துவிட்டது. அதனால் இங்கே எழுதிவைக்கிறேன். அடுத்த மாதம் விமானம் ஏறுகிறவர்கள் படித்துவிட்டு அம்மாக்களுக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

அம்மாக்களுக்கு முதலில் ஒன்று. பிள்ளை பட்டினி கிடக்க மாட்டான். ஜப்பானியர்கள் மூன்று வேளையும் சுஷி தின்பவர்கள் அல்லர். சுட்ட மீன், பொரித்த மீன், நூடுல்ஸ், முட்டை, சோற்றில் ஊற்றிய குழம்பு என்று எல்லாம் கிடைக்கும். அத்துடன் சுஷி என்ற சொல்லுக்குப் பச்சை மீன் என்று பொருளில்லை. வினிகர், உப்பு, சர்க்கரை சேர்த்துப் பிசறிய சோற்றை வைத்துச் செய்வதெல்லாம் சுஷிதான். மேலே இருப்பது முட்டையாக இருக்கலாம், அவித்த இறாலாக இருக்கலாம், உள்ளே வெறும் வெள்ளரிக்காயாகவும் இருக்கலாம். சோறே இல்லாமல் பச்சை மீனை மட்டும் சீவி அடுக்கினால் அதற்குப் பெயர் சஷிமி. ஊரில் பயப்படுவது சஷிமிக்கு. பழி மட்டும் சுஷியின் மேல் விழுகிறது.

இனி என் கதை. முதல் இரண்டு வருடம் உவரிக்காரர் ஒருவருடன் ஒரே அறையில் இருந்தேன். அவருடைய அப்பா வள்ளத்தில் கடலுக்குப் போனவர். மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்து அது எப்போது கரையேறியது என்று சொல்லக்கூடிய ஆள் அவர். இவருக்குப் பச்சை மீன் ஒரு பொருட்டா என்று நினைத்துத்தான் முதல் சம்பளத்தில் சுஷிக் கடைக்கு அழைத்துப் போனேன். கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் நின்று, "இது சூரை. இது நம் பாறையின் சாதி. அது அயிலைக்குப் பெரியப்பன்" என்று வரிசையாகச் சொன்னார். பிறகு உட்கார்ந்து முட்டைச் சுஷி இரண்டு தட்டு மட்டும் சாப்பிட்டுவிட்டு எழுந்துவிட்டார். "இவ்வளவு நல்ல மீனை அடுப்பு காட்டாமல் கெடுக்கிறார்களே" என்று வீடு வரைக்கும் வருத்தம். ருசி பார்த்துவிட்டு வெறுத்தவர் இல்லை. மீன்மேல் உள்ள மரியாதையால் தொடவில்லை.

என் மனைவிக்கு ஊர் களக்காடு. மலையடிவாரம். கடற்கரையிலிருந்து பஸ்ஸில் கூடையோடு வரும் மீன்காரம்மா வருகிற நாளில்தான் அவள் வீட்டில் மீன். அவள் வந்து இறங்கிய முதல் வாரமே பச்சைச் சால்மன் மீன் வைத்த சுஷி ஆறு தட்டு காலி செய்தாள். நான் இரண்டுக்கும் நடுவில். சூரை இனத்தின் சிவந்த சதை பிடிக்கும். பச்சைக் கணவாய் வாயில் ஒட்டிக்கொள்வதால் ஆகாது. இந்தக் கணக்கில் கடற்கரை ஊர், மலையடிவார ஊர் என்று எந்த விதியும் இல்லை. நம் ஊரில் கருவாடு வறுத்தால் ஒருவர் தட்டை எடுத்துக்கொண்டு அடுக்களைக்கே வந்துவிடுகிறார், அதே வீட்டில் இன்னொருவர் சன்னலைத் திறந்துவிட்டு வாசலுக்குப் போகிறார். இருவருக்கும் சோறு போட்டவர் ஒரே ஆச்சிதான்.

நம் ஆட்கள் எங்கே தடுக்கி விழுகிறார்கள் என்பதைப் பார்த்துப் பார்த்து எனக்கு ஒன்று பிடிபட்டது. வாடைதான் அடிக்கும் என்று பயந்து போகிறார்கள். நல்ல கடையில் வாடையே இருக்காது. இருந்தால் எழுந்து வந்துவிடுங்கள். உண்மையில் மிரட்டுவது மீனின் குளிர்ச்சியும், பல்லுக்கு வேலை வைக்காத அந்த மென்மையும்தான். நமக்கு மீன் என்றாலே சூடு, புளி, மிளகாய், அரைத்த தேங்காய். இந்த நான்கும் இல்லாமல் ஒரு துண்டு நாக்கில் வந்து சும்மா உட்கார்ந்தால் நாக்கு அடுத்து என்ன என்று காத்திருக்கிறது. ஒன்றும் வருவதில்லை. அந்த ஏமாற்றத்தைத்தான் பலர் அருவருப்பு என்று எண்ணிக்கொள்கிறார்கள். மூன்றாம் தடவை போகும்போது நாக்கு காத்திருப்பதை விட்டுவிட்டால் ருசி தெரியும். விடவில்லை என்றால் தெரியாது. அவ்வளவுதான்.

இதில் ஜப்பானியர்களுக்கும் ஏற்ற இறக்கம் உண்டு. எங்கள் பிரிவின் மூத்த அதிகாரி ஒருவர், பிறந்து வளர்ந்தது எல்லாம் ஒசாகா, பச்சை மீன் தொடமாட்டார். விருந்துகளில் வெள்ளரிச் சுருளோடு உட்கார்ந்திருப்பார். உலகமே சுஷியின் முகமாக நினைக்கும் சால்மனை ஜப்பானில் முன்பு பச்சையாக உண்ணும் வழக்கம் கிடையாது. அவர்கள் பக்கத்துச் சால்மனில் புழு இருக்கும் என்று உப்பிட்டுச் சுட்டுத்தான் தின்றார்கள். 1980களின் நடுவில் நார்வேக்காரர்கள் தங்கள் பண்ணைச் சால்மனை விற்க அங்கே பல வருடம் பாடுபட்ட பிறகுதான் அது சுஷியின் மேல் ஏறியது. என் மனைவி ஆறு தட்டு தின்றது, ஒரு நாடு தன் சரக்கை விற்ற சாமர்த்தியத்தை.

சரி, உவரிக்காரர் கதை இன்னும் முடியவில்லை. ஒசாகாவிலிருந்து ரயிலில் போகும் தொலைவில் ஷிகா மாவட்டம், அங்கே பிவா ஏரி. அந்த ஏரிக்கரையில் ஃபுனாசுஷி என்று ஒன்று செய்கிறார்கள். கெண்டை வகையறா மீன் ஒன்றை உப்பில் ஊறவைத்து, பிறகு சோற்றில் புதைத்து மாதக்கணக்கில் புளிக்கவிடுவார்கள். சுஷியின் மூத்த தலைமுறை இதுதான். அந்தக் காலத்தில் சோறு மீனைப் புளிக்கவைக்கத்தான், மீனைத் தின்றுவிட்டுச் சோற்றை எறிந்துவிடுவார்களாம். கையால் பிடித்து உடனே கொடுக்கும் இன்றைய சுஷி 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், தோக்கியோ நகரம் "எடோ" என்ற பெயரில் இருந்தபோது பரவியது. ஃபுனாசுஷியின் வாடைக்குப் பயந்து ஜப்பானிய இளசுகளே ஓடுகிறார்கள். நம் ஆள் ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டார், கண்ணை மூடினார், "பழைய சோறும் கருவாடும்" என்றார். விலையைப் பார்க்காமல் ஒரு பொட்டலம் வாங்கிக்கொண்டார். இன்றுவரை சால்மன் தொட்டதில்லை.

அதனால் பிடிக்கவில்லை என்றால் வெட்கப்படாதீர்கள். எப்படிச் சொல்வது என்பதுதான் முக்கியம். அலுவலக விருந்தில் மூக்கைச் சுளித்து "பிடிக்காது" என்றால் அங்கே முகம் வாடிவிடும். "நமமோனோ வா நிகாதே தெசு" என்று சொல்லுங்கள். நமமோனோ என்றால் பச்சையான உணவு. நிகாதே என்றால் வெறுப்பு அல்ல, எனக்கு அது கைவராது என்பது போல. நாம் கல்யாண வீட்டுப் பந்தியில் கத்தரிக்காயைத் தள்ளிவைத்து "எனக்குச் சேராது" என்கிறோமே, அதே பணிவு. சமைத்தவருக்கும் குறையில்லை, தின்னாதவருக்கும் குறையில்லை. ஒவ்வாமை உள்ளவர்கள் மட்டும் இந்தச் சொல்லோடு நிற்காமல் "அரெருகீ" என்று தெளிவாகச் சொல்லிவிட வேண்டும்.

முயன்று பார்க்க நினைப்பவர்கள் பெரிய கடைக்குப் போய்ச் சமையல்காரர் முன்னால் உட்கார வேண்டாம். தட்டு ஓடும் கடைக்குப் போங்கள். 1958இல் ஒசாகாவை ஒட்டிய ஹிகாஷி ஒசாகாவில் தொடங்கிய முறை அது. பீர் ஆலையில் பாட்டில்கள் பெல்ட்டில் நகர்வதைப் பார்த்து ஒருவருக்குத் தோன்றிய யோசனை. இப்போது பல கடைகளில் தொடுதிரையில் படம் பார்த்துக் கேட்கலாம், யாரிடமும் பேச வேண்டியதில்லை. முட்டை, அவித்த இறால், இனிப்பாகச் சுட்ட விலாங்கு என்று வெந்தவற்றில் தொடங்குங்கள். பிறகு சிவந்த சூரை. அது முடிந்தால் வினிகரில் ஊறிய அயிலைச் சாதி மீன். புளிப்பு இருப்பதால் நம் நாக்கு அதை அடையாளம் கண்டுகொள்ளும். ஒசாகாவில் அதைப் பெட்டியில் அமுக்கிச் செய்து பத்தேரா என்பார்கள். கையால் எடுத்துத் தின்னலாம், தவறில்லை. மீன் பக்கத்தைச் சோயா சாஸில் லேசாகத் தொடுங்கள். சோற்றை முக்கினால் உதிர்ந்துவிடும். பச்சை நிற வசாபியைச் சட்னி என்று நினைத்து அள்ளாதீர்கள். மிளகாய் நாக்கில் எரியும். இது மூக்கின் உச்சியில் போய் அடிக்கும். "சபிநுகி" என்றால் வசாபி இல்லாமல் தருவார்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் விளையாட்டு கூடாது. கடையில் வாங்கி வீட்டில் தின்பதென்றால் பொட்டலத்தில் "சஷிமி யோ" என்று இருக்கிறதா என்று பாருங்கள். "கனெட்சு யோ" என்றிருந்தால் அது அடுப்புக்குப் போகவேண்டிய மீன். அயிலைச் சாதியிலும் கணவாயிலும் அனிசாகிஸ் என்ற புழு இருக்கலாம். வினிகரோ வசாபியோ அதைக் கொல்லாது. நன்கு வேகவைப்பதும், மைனஸ் 20 டிகிரியில் ஒரு முழு நாள் உறையவைப்பதும்தான் கொல்லும். தின்ற சில மணி நேரத்தில் வயிறு சுருட்டி வலித்தால் மருத்துவரிடம் என்ன மீன் தின்றீர்கள் என்பதை முதலில் சொல்லுங்கள்.

இதைப் படித்துவிட்டு ஊரிலேயே முயற்சி செய்யலாமா என்று கேட்பவருக்கு: கூடாது, தம்பி. வெயிலில் கூடையில் வந்த மீனும் தாமிரபரணிக் கெண்டையும் குழம்புக்கு மட்டும். போன விடுமுறையில் என் சித்தி மகன் பொன்னி அரிசியில் வினிகர் ஊற்றி, பொரித்த நெத்திலி வைத்துச் சுருட்டிப் பார்த்தான். அங்கே பயன்படுவது ஒட்டுகிற குட்டை அரிசி. பொன்னி உதிர்ந்து தட்டெல்லாம் பரவியது. அம்மா வந்து பார்த்து, "புளியோதரை கெட்டுப்போச்சா?" என்று கேட்டாள்.

அங்கே எதைத் தின்பது என்று கேட்ட சைவக் குடும்பத்துப் பையனுக்கு: வெள்ளரிச் சுருளை நம்பித் தின்னலாம். புளிக்கவைத்த சோயா விழுதில் செய்யும் மிசோ சூப்பில் மட்டும் கவனம். அதன் அடிச்சாறு பெரும்பாலும் சூரையை அவித்து, புகைபோட்டு, கட்டைபோல் காயவைத்துச் சீவியதில் எடுப்பது. கொழும்புத் தொடர்பு இருந்த வீடுகளில் சம்பலுக்கு இடித்த மாசிக்கு உறவுக்காரன். ஜப்பானில் முட்டைப் பொரியலிலும், இனிப்பு டோஃபுப் (சோயாப் பன்னீர்) பையில் அடைத்த சுஷியிலும் கூட அந்தச் சாறு வரும்.

கர்ப்பிணி மனைவியை அழைத்துப்போகிறவர் பச்சை மீனையும் பெரிய சூரைகளையும் பற்றி அங்குள்ள மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள். பெரிய மீன்களில் பாதரசம் சேர்ந்திருக்கும் என்பதால் அரசே அளவு சொல்லியிருக்கிறது.

ஊறுகாய் கொடுத்தனுப்பலாமா என்று கடைசியாகக் கேட்ட அம்மாவுக்கு: ஆமாம், எலுமிச்சை ஊறுகாய் ஒரு டப்பா பெட்டியில் வையுங்கள். சுஷிக் கடைக்குள் அதை எடுத்துப்போக வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிடுங்கள். அன்று ராத்திரி அறைக்குத் திரும்பியதும் அவனே தேடுவான்.