ஸ்கை லாபி: ‘வான்கூடம்’ வேண்டாம், ‘மாறுகூடம்’?

> ஸ்கை லாபிக்கு ‘வான்கூடம்’ என்றே வைத்துவிடலாமே. சின்னச் சொல், நாவிலும் நிற்கும்.

ஐயா, வணக்கம். ஸ்கை லாபி, அதாவது மிக உயர்ந்த கட்டடத்தின் நடுமாடியில் லிஃப்ட் மாறும் கூடம், அதற்குத்தானே தமிழ்ச் சொல் தேடுகிறோம்.

நாவில் நிற்கும், சரி. ஆனால் வான்கூடம் என்றால் உச்சியில் நின்று ஊரைப் பார்க்கிற இடம் என்றுதான் யாரும் நினைப்பார்கள். சிகாகோவின் ஜான் ஹான்காக் சென்டரை எடுத்துக்கொள்ளுங்கள் (2018 முதல் அதன் பெயர் 875 நார்த் மிச்சிகன் அவென்யூ). ஊரைப் பார்க்கும் தளம் 94ஆம் மாடியில் இருக்கிறது. ஸ்கை லாபி இருப்பதோ 44ஆம் மாடியில்.

100 மாடி, 344 மீட்டர் உயரம். கீழே கடைகளும் கார் நிறுத்துமிடமும், நடுவில் அலுவலகங்கள், 44க்கு மேல் வீடுகள். கட்டடம் மேலே போகப்போகக் குறுகுவதும் இதனால்தான். அலுவலகத்துக்கு அகலமான தளம் வேண்டும். வீட்டில் எந்த அறையும் சன்னலை விட்டு ரொம்பத் தள்ளிப் போகக் கூடாது. வெளியே பெரிய பெருக்கல் குறிகளாகத் தெரியும் எஃகுச் சட்டங்கள் பொறியாளர் ஃபஸ்லுர் ரஹ்மான் கானின் கைவண்ணம். அதைப் பேச ஆரம்பித்தால் இந்த மடல் முடியாது.

80ஆம் மாடியில் குடியிருப்பவர் தரையிலிருந்து விரைவு லிஃப்டில் நேரே 44க்குப் போகிறார். அங்கே இறங்கி, வேறு லிஃப்டில் தன் மாடிக்கு ஏறுகிறார். விழுப்புரத்தில் வண்டி மாறுவது மாதிரிதான். மேல்மாடி லிஃப்டுகள் எல்லாம் தரையிலிருந்தே கிளம்பினால், அவற்றின் குழிகள் கீழ்த்தளம் ஒவ்வொன்றையும் துளைத்துக்கொண்டு போகும். வாடகைக்கு விட இடம் மிஞ்சாது. ஆகவே அந்தக் கூடத்தின் வேலை மாற்றிவிடுவது. என் பரிந்துரை: மாறுகூடம்.

> மாறுவேடம் போட உடைமாற்றும் அறை போல ஒலிக்கிறதே! தவிர, அதே 44இல் நீச்சல் குளமும் மளிகைக் கடையும் உண்டு. வெறும் லிஃப்ட் மாறும் இடமா அது? ‘இடைக்கூடம்’ பொருந்தாதா?

மாறுவேடம் நன்றாக இருக்கிறது, சிரித்துவிட்டேன். ஆனால் குளமும் கடையும் அங்கே வந்ததே குடியிருப்பவர்கள் எல்லோரும் அந்த வழியாகப் போவதால்தான். இடைக்கூடம் என்றால் இரண்டு அறைக்கு நடுவிலுள்ள கூடத்தையும் சொல்லலாம். துபாயின் புர்ஜ் கலீஃபாவில் 43, 76, 123 என்று மூன்று மாடிகளில் ஸ்கை லாபி இருக்கிறது. ‘76ஆம் மாடி மாறுகூடம்’ என்று சொல்லிப் பாருங்கள், இடறவில்லை.

வரையறை இப்படி இருக்கட்டுமா?

மாறுகூடம்: மிக உயர்ந்த கட்டடத்தின் இடைமாடியில், விரைவு லிஃப்டிலிருந்து இறங்கி மேல்மாடிகளுக்கான லிஃப்டில் ஏறும் பொதுக்கூடம்.

லிஃப்டை மின்தூக்கி ஆக்குவதா என்பதைத் தனி இழையில் வைத்துக்கொள்வோம்.