டேங்க் நிரம்பினால் மோட்டார் நிற்கணும்

கவின்: சித்தப்பா, மாடி டேங்கில், தண்ணீர் நிரம்பினால் மிதவை எழும்பி மூடும் ஃப்ளோட் சுவிட்ச் மாட்டியாச்சு. ஒரு ஒயர் ஆர்டுயினோ என்கிற சின்ன கம்ப்யூட்டர் போர்டின் 5 வோல்ட்டுக்குப் போகிறது, இன்னொன்று அதன் 2ஆம் பின்னுக்கு (ஒயர் செருகும் இடம்). நிரம்பினால் கத்த வேண்டிய பஸ்ஸர் டேங்க் காலியாக இருக்கும்போதே விட்டு விட்டுக் கத்துகிறது. ஒயர் பக்கம் கையைக் கொண்டுபோனாலும் கத்துகிறது.

பெரியம்மா: ஆமாம், மத்தியானம் கண்ணை மூட முடியலை.

சித்தப்பா: சுவிட்ச் திறந்திருக்கும்போது அந்தப் பின் எதோடும் சேராமல் அந்தரத்தில் நிற்கிறது. இன்புட் பின் கிட்டத்தட்ட கரண்டே இழுக்காது. அதனால் சுவர் ஒயரிங்கின் 50 ஹெர்ட்ஸ் மின்சாரம், உன் கை, எது பக்கத்தில் வந்தாலும் அதன் வோல்டேஜ் ஆடும். 3 வோல்ட்டைத் தாண்டினால் போர்டு அதை ஹை, அதாவது 5 வோல்ட் வந்திருக்கிறது, என்று படித்துவிடும்.

சித்தப்பா: 5 வோல்ட்டில் இருக்கும் ஒயரை எடுத்து கிரவுண்டில் (0 வோல்ட்) போடு. கோடில் இன்புட் என்பதை இன்புட்_புல்லப் என்று மாற்று. உன் ஆர்டுயினோ யூனோ போர்டின் ஏடிமெகா328பி சிப்புக்குள்ளேயே 20 முதல் 50 கிலோஓம் வரையில் ஒரு ரெசிஸ்டர் (மின்தடை) இருக்கிறது. அது பின்னை 5 வோல்ட் பக்கம் இழுத்துப் பிடித்துக்கொள்ளும். சுவிட்ச் மூடினால் பின் கிரவுண்டோடு சேர்ந்து லோ, திறந்தால் ஹை.

கவின்: அப்போ கோடில் ஹை இருந்த இடத்தில் லோ வரணும், இல்லையா?

சித்தப்பா: ஆமாம். ஒயர் மாடியிலிருந்து வருவதால் போர்டு பக்கத்தில் 2ஆம் பின்னுக்கும் 5 வோல்ட்டுக்கும் நடுவில் 4.7 கிலோஓம் ரெசிஸ்டர் ஒன்றும் போட்டுவிடு. நீளமான ஒயருக்கு உள்ளே இருப்பது மட்டும் போதாது.

கவின்: மாற்றிவிட்டேன். இப்போது கை வைத்தாலும் சத்தமே இல்லை. ஃப்ளோட்டைத் தூக்கினால் மட்டும் கத்துகிறது!

பெரியம்மா: அது கத்த, நான் அடுப்பை விட்டுட்டு ஓடி வந்து மோட்டாரை நிறுத்தணுமா? அதுவே நிறுத்தாதா கண்ணு?

கவின்: என்கிட்ட ஒரு ரிலே இருக்கு பெரியம்மா, சின்ன கரண்டால் பெரிய கரண்டை ஆன், ஆஃப் பண்ணும் சுவிட்ச். 7ஆம் பின்னில் நேராக மாட்டலாமா சித்தப்பா?

சித்தப்பா: வேண்டாம். ஒரு பின்னிலிருந்து 20 மில்லிஆம்பியர் எடுக்கலாம், 40 தாண்டவே கூடாத எல்லை. அந்த நீல நிற 5 வோல்ட் ரிலேயின் காயில் (உள்ளே இருக்கும் கம்பிச் சுருள்) 70 மில்லிஆம்பியர் கேட்கும். காயிலை ஓட்டும் டிரான்சிஸ்டரும், அதைக் காக்கும் டையோடும் சேர்ந்த ரிலே மாட்யூலாக வாங்கு.

அக்கா: எங்கள் காலேஜ் லேபில் போர்டுக்கு பவர் கொடுத்ததுமே ரிலே டிக்கென்று ஆன் ஆகும். மோட்டாரும் அப்படித் தானாக ஓடிவிடாதா?

சித்தப்பா: கவனிக்காவிட்டால் ஓடும். கடையில் கிடைக்கும் மாட்யூல் பெரும்பாலும் பின் லோ ஆனால்தான் ஆன் ஆகும். ரீசெட் ஆனதும் எல்லாப் பின்னும் இன்புட்டாக இருக்கும். அவுட்புட் என்று சொன்ன கணமே பின் லோவுக்கு இறங்கும், ரிலே ஆன் ஆகும். அதனால் கோடில், போர்டு கிளம்பியதும் ஒருமுறை ஓடும் செட்டப் பகுதியில், முதலில் டிஜிட்டல்ரைட்(7, ஹை), அடுத்த வரியில்தான் பின்மோட்(7, அவுட்புட்). வரிசை முக்கியம்.

சித்தப்பா: அப்புறம் கவின், மோட்டாரையே நிறுத்தப் போகிறாய் என்றால் ஃப்ளோட்டைக் கழற்றித் திருப்பிப் போடு. தண்ணீர் குறைவாக இருந்தால் சுவிட்ச் மூடியும், நிரம்பினால் திறந்தும் இருக்க வேண்டும்.

கவின்: ஏன்? இப்போதே சரியாகத்தானே வேலை செய்கிறது?

சித்தப்பா: மாடியில் அணில் ஒயரைக் கடித்துவிட்டால்? இப்போது இருக்கிறபடி விட்டால் டேங்க் நிரம்பவில்லை என்றே போர்டு நினைக்கும், மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கும். திருப்பிப் போட்டால் ஒயர் அறுந்ததும் பின் ஹை ஆகும், மோட்டார் நின்றுவிடும். தண்ணீர் விழும்போது ஃப்ளோட் ஆடும், அதனால் கோடில் இனி ஹை என்றால் நிரம்பியது என்று வை, அந்த ஹை 2 விநாடி நிலையாக இருந்தால் மட்டும் நம்பு.

பெரியம்மா: எல்லாம் சரி, மோட்டார் பெட்டியை இவன் திறக்கலாமா?

சித்தப்பா: கூடவே கூடாது அண்ணி. கிளம்பும் நொடியில் மோட்டார் பல மடங்கு கரண்ட் இழுக்கும். ரிலே மேல் 10 ஆம்பியர் என்று அச்சடித்திருந்தாலும் காண்டாக்ட் உருகி ஒட்டிக்கொள்ளலாம். நடுவில் ஒரு கான்டாக்டர் (மோட்டார் கரண்டைத் தாங்கும் பெரிய ரிலே) வேண்டும். அதை எலக்ட்ரீஷியன் வந்து போடட்டும், இவன் 5 வோல்ட் பக்கம் மட்டும் பார்க்கட்டும்.

கவின்: சரி. அதுவரை ரிலேவுக்குப் பதில் ஒரு சிவப்பு எல்இடி வைத்துப் பார்க்கிறேன். 220 ஓம் ரெசிஸ்டர் போதும்தானே?

சித்தப்பா: போதும், 14 மில்லிஆம்பியர் அளவில்தான் ஓடும். எல்இடியை 5 வோல்ட்டுக்கும் 7ஆம் பின்னுக்கும் நடுவில் வை. அப்போதுதான் ரிலே மாதிரியே லோவில் எரியும், கோடை மறுபடி மாற்ற வேண்டாம்.