சீனாவில் காதல் கைகூடாததற்குப் பெண் பற்றாக்குறைதான் காரணமா?

வைகைக்கரையான்:
2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி 20–40 வயதில் பெண்களைவிட ஆண்கள் 1.75 கோடி பேர் அதிகம். 2004-ல் 100 பெண் குழந்தைக்கு 121 ஆண் குழந்தை பிறந்தது. அந்த வருஷத்துப் பையன்கள் 2026-ல்தான் ஆணின் சட்டப்படியான திருமண வயதான 22-ஐத் தொடுகிறார்கள். ஜோடி எங்கிருந்து வரும்?

கயல்:
அந்த 1.75 கோடியை நாடு முழுக்கச் சமமாகப் பரப்பிவிட்டீர்கள் நண்பரே, பிழை அங்கேதான். கிராமத்துப் பெண்கள் படிப்புக்கும் வேலைக்கும் நகரம் போய் அங்கேயே வாழ்க்கைப்படுகிறார்கள். நிலத்தோடு நின்றுவிட்ட ஏழைப் பையன்தான் 'குவாங்குன்', மொட்டைக் கிளை. ஷாங்காய் மக்கள் பூங்காவுக்கு வார இறுதியில் போனால் காட்சி தலைகீழ். விரித்து வைத்த குடைகளின் மேல் பிறந்த வருஷம், உயரம், படிப்பு, சம்பளம், ஹுகோவ் (எந்த ஊர்க் குடிப்பதிவு என்பது) எழுதிய தாள்கள். பக்கத்தில் வரன் தேடும் பெற்றோர். மகளுக்காக வந்தவர்களும் ஏராளம். படித்த பெண்ணை 27 வயதிலேயே 'ஷெங்நு', மிச்சப்பட்டவள் என்று சொல்லும் ஊரில் பற்றாக்குறை என்று எப்படிச் சொல்வது?

வைகைக்கரையான்:
நகரத்துக்கு அது சரி. ஆனால் கிராமத்துச் சாய்லி (மாப்பிள்ளை வீட்டார் கொடுக்கும் பரிசப்பணம்) ஏறியது எதனால்? ஒரு குழந்தைக் கொள்கையைத் தளர்த்தி, 1984-க்குப் பிறகு பல மாகாணங்களின் கிராமங்களில் முதல் குழந்தை பெண் என்றால் இன்னொன்றுக்கு அனுமதி. கருவின் பாலினம் காட்டும் அல்ட்ராசவுண்டும் பரவியது. முதல் பிரசவத்தில் ஆண்-பெண் விகிதம் ஏறக்குறைய இயல்பு; இரண்டாவதில்தான் எகிறியது. கருவிலேயே அழிக்கப்பட்ட அந்தப் பெண்களுக்கான விலையைத்தான் இன்று சாய்லியாகக் கட்டுகிறார்கள்.

கயல்:
பெண் குறைந்தால் இருக்கும் பெண்களுக்காவது சீக்கிரம் கல்யாணம் ஆகவேண்டுமே? 2013-ல் 1.35 கோடித் திருமணப் பதிவு, 2024-ல் 61 லட்சம். பள்ளியில் காதலித்தால் 'சாவ்லியன்', அகாலக் காதல் என்று கண்டிப்பு. படிப்பு முடிந்த கையோடு கல்யாண நெருக்கடி. வீட்டு வேலை, பிள்ளை வளர்ப்பு எல்லாம் தன் தலையில் என்று தெரிந்தே பெண்கள் விலகுகிறார்கள்.

வைகைக்கரையான்:
சரிவில் ஒரு பங்கு இளைஞர் தலைக்கணக்கே குறைந்ததால் வந்தது. 1990-ல் பிறந்தவர்கள் 2.3 கோடிக்கு மேல், 2000-ல் 1.8 கோடிகூட இல்லை.

நடுவூரான்:
சாய்லி வழக்கில் நடப்பதைச் சொல்கிறேன். திருமணம் பதிவாகவில்லை, பதிவாகியும் சேர்ந்து வாழவில்லை, கொடுத்த குடும்பம் நொடித்துப் போனது: இந்த மூன்றில்தான் முன்பு திரும்பக் கேட்கலாம். சில மாதம் வாழ்ந்து பிரிந்தவர்கள் நடுவில் மாட்டினார்கள். 2024 பிப்ரவரி 1 முதல் உச்ச மக்கள் நீதிமன்ற விதிப்படி, தொகை மிக அதிகம், வாழ்ந்த காலம் குறைவு என்றால் ஒரு பகுதியைத் திருப்பச் சொல்லலாம்.

கயல்:
கருவுற்றாளா என்பதையும் நீதிமன்றம் கணக்கில் எடுக்க வேண்டும் என்று அதே விதியில் இருக்கிறது. அதையும் சேர்த்துச் சொல்லுங்கள் ஐயா. பெண் உடம்பு பட்ட பாட்டை விட்டுவிட்டுப் பணத்தை மட்டும் எண்ணக்கூடாது.