தினமும் நடப்பவருக்கும் தடுமாற்றம் வரும்

வீட்டுப் பெரியவர் தினமும் நடக்கிறார், அதனால் விழமாட்டார் என்று யாரும் நிம்மதியாக இருந்துவிட வேண்டாம். என் அப்பாவுக்கு எழுபது தாண்டிவிட்டது, சர்க்கரையும் உண்டு. மாலை 6 மணிக்கு மேல் பாண்டி கடற்கரைச் சாலையில் வண்டிகளை விடமாட்டார்கள் என்பதால் காந்தி சிலைப் பக்கம் ஆரம்பித்து சாலையின் கோடி வரை போய்த் திரும்புவார், மூச்சுகூட வாங்காது. ஆனால் பின்னாலிருந்து யாராவது கூப்பிட்டுச் சட்டென்று திரும்பினால் தடுமாறுவார், இரவில் பாத்ரூம் போகும்போது சுவரைப் பிடித்துக்கொள்வார்.

பிசியோதெரபிஸ்டிடம் கூட்டிப்போனோம். அந்த அம்மா அப்பாவை நடக்கவே சொல்லவில்லை. ஒரு காலின் குதிகால் இன்னொரு காலின் விரல்களைத் தொடுகிற மாதிரி, ஒரே கோட்டில் பாதங்களை வைத்து 10 விநாடி நிற்கச் சொன்னார். அப்பாவால் முடியவில்லை. அந்த 10 விநாடி நிற்க முடியாதவர்களுக்கு விழும் ஆபத்து அதிகமாம்.

அவர் விளக்கியது எனக்கு நன்றாகவே புரிந்தது. நம்மை நிலையாக நிறுத்துவது கண், உள்காது, பாதத்தின் உணர்ச்சி, இந்த மூன்றும்தான். சர்க்கரை நோயில் பாத உணர்ச்சி மங்கிப்போகலாம், இருட்டில் கண்ணும் கைகொடுக்காது, அப்புறம் எதை நம்பி நிற்பது? சமதளத்தில் நேராக நடப்பது இதயத்துக்கு நல்லது, சர்க்கரைக்கும் நல்லது, ஆனால் சாயும் உடம்பைப் பிடித்து நிறுத்துகிற பழக்கத்தைத் தனியாகத்தான் கொடுக்க வேண்டும்.

அவர் சொல்லிக்கொடுத்தவை நியூசிலாந்தின் ஒட்டாகோ பல்கலைக்கழகத்தில் உருவான பயிற்சிகள். அங்கே செய்த ஆய்வுகளில் விழுவது சுமார் 35 சதவீதம் குறைந்திருக்கிறது. வாரம் 3 நாள் செய்தால் போதும், நடையையும் விட வேண்டாம். சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி இறக்குவது, பக்கவாட்டில் நடப்பது, ஒற்றைக் காலில் நிற்பது, ஒரு காலை அடுத்த காலுக்கு நேர் முன்னால் ஒட்டி வைத்து நடப்பது, நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுந்து உட்காருவது என்று போகும். இந்தக் கடைசியானதுதான் அப்பாவுக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்தது, தொடையில் அவ்வளவு பலம் குறைந்திருந்தது. முதலில் இரண்டு கையாலும் மேடையைப் பிடிப்பது, அப்புறம் ஒரு கை, பிறகு விரல் நுனி மட்டும். பக்கத்தில் ஆள் நிற்க வேண்டும், தொளதொள ரப்பர் செருப்பு கூடவே கூடாது.

இப்போது கூப்பிட்டால் அப்பா நிதானமாகத் திரும்புகிறார். வேட்டி கட்டும்போது கட்டிலில் உட்காருவதில்லை, நின்றபடியே கட்டுகிறார். அதில் அவருக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா!

ஒன்று மட்டும், எழுந்ததும் தலை சுற்றுகிறது என்றால் முதலில் டாக்டரிடம் பிரஷர் மாத்திரையைப் பற்றிக் கேளுங்கள், பயிற்சி அதற்கு அப்புறம். கடலூரில் மஞ்சக்குப்பம், திருப்பாதிரிப்புலியூர் பக்கம் பெரியவர்களைக் கூட்டமாக வைத்து இதைச் சொல்லித்தருகிறவர்கள் இருந்தால் எழுதுங்கள், என் பெரியம்மா அங்கே தனியாக இருக்கிறார்.